ஒரு மிருகம், ஒரு சீட்டு: டி அண்ட் டியில் உயிர்களை வரவழைக்கத் தொடங்குபவர்களுக்கு

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசைக் கதையாட்டத்தை ஆட உட்கார்ந்த நாலைந்து வாரத்திலேயே பலருக்கு இந்த ஆசை வந்துவிடுகிறது. நாமே நின்று அடித்தது போதும், நமக்காகச் சண்டை போட ஒரு மிருகத்தையோ பேயையோ வரவழைத்தால் என்ன? தாராளமாகச் செய்யலாம். ஒரே மந்திரத்தில் உங்கள் பக்கத்துக்கு ஓர் ஆள் கூடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அது அடிக்கும், எதிரியின் அடியில் சிலவற்றைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்ளும். இந்த ஆட்டத்தில் எந்தப் பக்கத்துக்கு அதிக முறை கை ஓங்க வாய்க்கிறதோ அந்தப் பக்கம்தான் பெரும்பாலும் ஜெயிக்கும் என்பதால் இது சின்ன லாபம் அல்ல.

கெட்ட பெயரும் இந்த மந்திரங்களுக்கு உண்டு. மேசையில் மற்றவர்கள் கைபேசியை நோண்டத் தொடங்குவது வரவழைப்பவரின் முறை வரும்போதுதான். புத்தகத்தைப் புரட்டி, எண்ணைத் தேடி, பகடையை எண்ணி உருட்டி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். ஆகவே விதியைத் தெரிந்துகொள்வது பாதி வேலைதான். மீதிப் பாதி, உங்கள் முறையை ஒன்றரை நிமிடத்தில் முடிப்பது.

இங்கே சொல்வதெல்லாம் ஐந்தாம் பதிப்புக்கு. 20 முகப் பகடை, ஏசி (அடி பட எதிரி எட்ட வேண்டிய எண்), ஹெச்பி (உயிர்ப் புள்ளி), இனிஷியேட்டிவ் (யார் முறை முதலில் என்ற வரிசை) ஆகியவை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறோம். ஒரு குழப்பத்தை மட்டும் முதலிலேயே தீர்த்துவிடலாம். ஆங்கிலத்தில் பாத்திரத்துக்கும் லெவல், மந்திரத்துக்கும் லெவல். இங்கே பாத்திரத்துக்கு லெவல், மந்திரத்துக்கும் அதன் ஸ்லாட்டுக்கும் (மந்திரம் போடும்போது செலவாகும் ஒதுக்கீடு) படி. 3ஆம் லெவல் ட்ரூயிட் (இயற்கை மந்திரக்காரர்) 2ஆம் படி மந்திரம் போடுவார்.

## முதல் கேள்வி: மேசையில் எந்தப் புத்தகம்?

ஆட்டத்தை நடத்தும் டிஎம்மிடம் இதைக் கேட்காமல் மந்திரம் தேர்ந்தெடுக்காதீர்கள். ஐந்தாம் பதிப்புக்குள்ளேயே வரவழைக்கும் மந்திரங்கள் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கின்றன.

2014ஆம் ஆண்டின் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் இருப்பவை "கான்ஜர்" என்று தொடங்கும் மந்திரங்கள். இவை நிஜமான மிருகங்களின் புள்ளிவிவரத்தை மான்ஸ்டர் மேனுவலிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. ஒரே மந்திரத்தில் எட்டு மிருகம்கூட வரலாம்.

2020இல் வந்த டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் புத்தகம் "சம்மன்" என்று தொடங்கும் மந்திரங்களைக் கொண்டுவந்தது. ஒரு மந்திரத்துக்கு ஒரே ஓர் ஆவி. அதன் புள்ளிவிவரம் மந்திரத்தோடு சேர்த்தே அச்சாகியிருக்கும், ஸ்லாட்டின் படி ஏற ஏற அதுவும் வலுவாகும்.

2024ஆம் ஆண்டின் புதிய பிளேயர்ஸ் ஹேண்ட்புக் அந்தச் "சம்மன்" மந்திரங்களை உள்ளே சேர்த்துக்கொண்டது. பழைய கான்ஜர் மந்திரங்களின் பெயரை வைத்துக்கொண்டு உள்ளடக்கத்தை மாற்றிவிட்டது. உதாரணமாக, 2024இன் கான்ஜர் அனிமல்ஸில் தனித்தனி மிருகம் கிடையாது. ஹெச்பி இல்லாத ஒரு மாயக் கூட்டம் வரும். அது எதிரிக்கு 10 அடிக்குள் நெருங்கும்போது எதிரி டெக்ஸ்டெரிட்டி சேவ் (தப்பிக்கும் பகடை) உருட்ட வேண்டும், தவறினால் 3டி10 சேதம், அதாவது 10 முகப் பகடை மூன்றின் கூட்டல். பழைய புத்தகத்தில் படித்த நண்பர் சொன்னதை நம்பி புதிய புத்தகத்து மேசையில் "எட்டு ஓநாய்" என்று கேட்டு ஏமாறுபவர்கள் நிறைய.

புதியவருக்கு எங்கள் பரிந்துரை சம்மன் வகைதான். அதிலும் சம்மன் பீஸ்ட். 2ஆம் படி மந்திரம். ட்ரூயிட்டுக்கு 3ஆம் லெவலில் கிடைக்கும், ரேஞ்சருக்கு 5ஆம் லெவலில். விசார்டோ வார்லாக்கோ ஆடுகிறீர்கள் என்றால் 5ஆம் லெவல் வரை பொறுத்து, 3ஆம் படியில் சம்மன் ஃபே அல்லது சம்மன் அன்டெட் எடுங்கள்.

## தங்கம் பூசிய ஏகோர்ன்

முதல் மந்திரமே தடுக்கி விழும் இடம் இது. சம்மன் பீஸ்டுக்கு ஒரு பொருள் வேண்டும்: இறகு, கொஞ்சம் ரோமம், மீன்வால், மூன்றும் உள்ளே வைத்த தங்கம் பூசிய ஏகோர்ன். ஏகோர்ன் என்பது ஓக் மரத்தின் கொட்டை. மதிப்பு குறைந்தது 200 பொற்காசு. சம்மன் ஃபேக்கு 300 பொற்காசில் தங்கம் பூசிய பூ, சம்மன் அன்டெட்டுக்கு 300 பொற்காசில் தங்கம் பூசிய மண்டையோடு.

"என்னிடம் ட்ரூயிடிக் ஃபோகஸ் இருக்கிறதே" என்பார்கள். ஃபோகஸ் விலை குறிப்பிடாத பொருள்களுக்கு மட்டுமே ஈடு. விலை எழுதியிருந்தால் அந்தப் பொருளே பையில் இருந்தாக வேண்டும். ஆறுதல் என்னவென்றால், ஒரு முறை வாங்கினால் போதும், மந்திரம் போட்டால் அது தீர்ந்துபோகாது. 3ஆம் லெவல் வருவதற்கு முன்னாலேயே டிஎம்மிடம் சொல்லி வையுங்கள். அடுத்த ஊரில் விலைக்குக் கிடைக்குமா, புதையலில் ஒன்றை வைப்பாரா என்பதை அவர் பார்த்துக்கொள்வார். மந்திரத்தைக் கற்றுக்கொண்டு கொட்டை இல்லாமல் இரண்டு வாரம் சும்மா உட்கார்ந்திருப்பது கொடுமை.

## சீட்டு

ஆட்டத்துக்கு வரும் முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தில் ஆவியின் எண்களை எழுதிக்கொள்ளுங்கள். ஸ்லாட் ஒவ்வொன்றுக்கும் தனிச் சீட்டு. ஆட்டத்தின் நடுவே "11 கூட்டல் மந்திரப் படி" என்று கணக்குப் போடும் வேலையே இருக்கக் கூடாது.

விஸ்டம் 16 உள்ள 3ஆம் லெவல் ட்ரூயிட்டுக்கு ஸ்பெல் அட்டாக் +5. (விஸ்டமுக்கு 3, புரொஃபிஷியன்சிக்கு 2.) அவர் சம்மன் பீஸ்டை 2ஆம் படி ஸ்லாட்டில், தரை வடிவத்தில் போட்டால் சீட்டு இப்படி இருக்கும்:

ஏசி 13. ஹெச்பி 30.
நடை 30 அடி, ஏறுவது 30 அடி. இருட்டில் பார்வை 60 அடி.
தாக்குதல் ஒன்று: +5, எட்டும் தூரம் 5 அடி, சேதம் 1டி8+6.
பேக் டாக்டிக்ஸ்: இலக்குக்கு 5 அடிக்குள் நம் ஆள் ஒருவர் நின்றால் அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டி நல்லதை எடுப்பது).
சேவ்: ஸ்ட்ரெங்த் +4, டெக்ஸ் 0, கான் +3, இன்ட் −3, விஸ்டம் +2, கரிஸ்மா −3.

வான் வடிவம் என்றால் ஹெச்பி 20தான், ஆனால் பறப்பது 60 அடி. பேக் டாக்டிக்ஸ் இல்லை. அதற்குப் பதில் எதிரியை விட்டுப் பறந்து விலகும்போது எதிரி கையோங்க முடியாது. நீர் வடிவத்துக்குத் தரை வடிவத்தின் ஹெச்பிதான், நீச்சல் 30 அடி. நீருக்குள் சண்டை நடக்கும் அபூர்வ நாளில் மட்டும் அது நினைவுக்கு வந்தால் போதும்.

பெரிய ஸ்லாட்டில் போட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. படி ஒன்று கூடினால் ஏசி 1, ஹெச்பி 5, சேதம் 1 கூடும். தாக்குதல் எண்ணிக்கையோ படியில் பாதி, பின்னத்தைத் தள்ளிவிட வேண்டும். 2ஆம் படியில் ஒரு தாக்குதல், 3ஆம் படியிலும் ஒன்றேதான், 4ஆம் படியில் இரண்டு. 3ஆம் படி ஸ்லாட்டைச் செலவழித்தால் சராசரிச் சேதம் 10.5இலிருந்து 11.5 ஆகிறது, அவ்வளவுதான். 4ஆம் படியில் ஒரே தாவலாக 12.5 வீதம் இரண்டு அடி, மொத்தம் 25. ஆகவே இரட்டைப் படிகளில் போடுங்கள், ஒற்றைப் படி ஸ்லாட்டை வேறு மந்திரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

## சண்டையில், வரிசையாக

முதலில் இடம். 90 அடிக்குள், உங்கள் கண்ணுக்குத் தெரியும், யாரும் நிற்காத கட்டம். எதிரியில் மந்திரக்காரர் இருந்தால் அவரிடமிருந்து 60 அடிக்கு மேல் தள்ளி நின்று போடுங்கள். உங்கள் மந்திரத்தை முறியடிக்கும் கவுன்ட்டர்ஸ்பெல் 60 அடிக்கு மேல் எட்டாது.

மந்திரம் போட ஓர் ஆக்‌ஷன். குரலும் கையசைவும் வேண்டும். வாய் கட்டப்பட்டிருந்தாலோ சைலன்ஸ் மந்திரத்துக்குள் மாட்டியிருந்தாலோ நடக்காது.

ஆவி உங்கள் இனிஷியேட்டிவ் எண்ணையே பகிர்ந்துகொள்ளும், தனியாக உருட்ட வேண்டாம். உங்கள் முறை முடிந்த கையோடு அதன் முறை. வரவழைத்த சுற்றிலேயே அது அடிக்கும் என்பதைப் புதியவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். முதல் சுற்றில் அதைச் சும்மா நிறுத்தி வைத்துவிட்டு, ஒரு ஸ்லாட்டின் லாபத்தில் ஒரு பங்கைத் தாரை வார்க்கிறார்கள்.

கட்டளை வாய்ச்சொல்லால். அதற்கு ஆக்‌ஷன் செலவில்லை. உங்களுக்குத் தெரிந்த மொழி அதற்கும் புரியும். எதுவும் சொல்லாவிட்டால் அது டாட்ஜ் (அடிக்குத் தப்பப் பார்ப்பது) எடுத்து, ஆபத்திலிருந்து விலகி நிற்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரு வாக்கியம், அதில் யாரை, எங்கிருந்து என்ற இரண்டும் இருக்கட்டும்: "அந்தக் கோடரிக்காரனை, தூணுக்கு அந்தப் பக்கம் நின்று அடி." டிஎம்முக்கு மறுகேள்வி கேட்கும் தேவை வராது.

இரண்டாம் சுற்றிலிருந்து உங்கள் ஆக்‌ஷன் மறுபடி உங்களுடையது. இதுதான் இந்த மந்திரத்தின் உண்மையான ருசி. நீங்கள் ஒரு கேன்ட்ரிப் (ஸ்லாட் செலவாகாத சின்ன மந்திரம்) போட, அது ஒரு கடி கடிக்கும். ட்ரூயிட்டுக்குத் தார்ன் விப் இருந்தால் இன்னும் நல்லது. 30 அடி தூரத்தில் நிற்கும் பெரிய உருவத்தைக்கூட 10 அடி உங்கள் பக்கம் இழுக்கலாம். இழுத்துவந்த இடத்தில் உங்கள் மிருகமும் முன்வரிசை வீரரும் நின்றால் பேக் டாக்டிக்ஸும் கைகூடும்.

## ஓக்ரோடு ஒரு கணக்கு

எண்களோடு பார்த்தால் விளங்கும். 2014 மான்ஸ்டர் மேனுவலின் ஓக்ர்: ஏசி 11, ஹெச்பி 59, தாக்குதல் +6, சேதம் 2டி8+4, சராசரி 13.

நம் தரை மிருகம் +5 போட்டு அடிக்க, பகடையில் 6 விழுந்தால் போதும், அதாவது 75 சதவீதம். பக்கத்தில் ஃபைட்டர் நின்றால் இரண்டு பகடை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளலாம், கிட்டத்தட்ட 94 சதவீதம். அடிக்குச் சராசரி 10.5. ஃபைட்டர் இல்லாமல் தனியே அனுப்பினால் சுற்றுக்கு 8 போல, சேர்த்து அனுப்பினால் 10 போல. மிருகத்தைத் தனியே ஒரு மூலைக்கு அனுப்பாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

இப்போது மறுபக்கம். ஓக்ர் நம் மிருகத்தை அடிக்க 7 விழ வேண்டும், 70 சதவீதம். இரண்டு சராசரி அடி 26, மூன்றாவதில்தான் 30 ஹெச்பி தீரும். மூன்று அடி விழ அதற்குச் சராசரியாக நாலு சுற்றுக்கு மேல் பிடிக்கும். அந்த நாலு சுற்றும் அது உங்கள் தோழர்களை அடிக்கவில்லை. ஆகவே மிருகம் செத்தால் வருந்தாதீர்கள், அது வாங்கிய அடியும் அது கொடுத்த சேதத்தைப் போலவே வரவுதான். ஹீலிங் வேர்டு போட்டு அதைக் காப்பாற்றத் தோன்றும். மிருகத்துக்கு அது வேலை செய்யும், ஆனால் அந்த ஸ்லாட்டைக் கீழே விழப்போகும் மனிதருக்கு வைத்திருங்கள்.

டிஎம்முக்கு மூளையுள்ள எதிரி கிடைத்தால் கணக்கு மாறும். மிருகத்தை விட்டுவிட்டு உங்களை அடிப்பார்கள். ஏன் என்பது அடுத்தது.

## கான்சென்ட்ரேஷன், அதாவது உங்கள் கழுத்து

ஃபைண்ட் ஃபெமிலியர் (துணைப் பிராணி), அனிமேட் டெட் (பிணத்தை எழுப்புவது) போன்ற சிலவற்றைத் தவிர வரவழைக்கும் மந்திரம் எல்லாமே கான்சென்ட்ரேஷனில், அதாவது மந்திரத்தை விடாமல் மனதில் பிடித்திருப்பதில், தொங்குகிறது. நீங்கள் அடிபட்டால் கான்ஸ்டிட்யூஷன் சேவ் உருட்ட வேண்டும். இலக்கு 10, அல்லது வாங்கிய சேதத்தில் பாதி, எது பெரியதோ அது. தவறினால் 2ஆம் படி ஸ்லாட்டும் மிருகமும் காற்றோடு போயின.

ஓக்ரின் சாதாரண அடி அதிகபட்சம் 20, பாதி 10. ஆகவே கிரிட்டிக்கல் விழாதவரை இலக்கு 10தான். கான்ஸ்டிட்யூஷன் 14 உள்ள ட்ரூயிட்டுக்கு +2, பகடையில் 8 வேண்டும், 65 சதவீதம். ஒரு அடிக்கு இது பரவாயில்லை. இரண்டு அடிக்கு 42 சதவீதம், மூன்று அடிக்கு 27. அடி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சேவ் என்பதால், சின்னச் சின்னதாய் மூன்று அம்பு விடும் எதிரி ஒரு பெரிய அடி அடிக்கும் ஓக்ரைவிட உங்களுக்கு மோசம். மிருகம் முன்னால், நீங்கள் பின்னால், நடுவே ஒரு சுவரோ தூணோ. இதைவிட மலிவான பாதுகாப்பு இல்லை. 4ஆம் லெவலில் வார் காஸ்டர் ஃபீட் எடுத்தால் இந்த சேவுக்கு அட்வான்டேஜ், 65 என்பது 88 ஆகும்.

கான்சென்ட்ரேஷன் கேட்கும் மந்திரங்கள் இரண்டை ஒரே நேரத்தில் பிடித்திருக்க முடியாது. இரண்டாவதைப் போட்ட கணம் முதலாவது கலையும். ட்ரூயிட்டின் நல்ல மந்திரங்களில் பாதி இந்த வகை: என்டேங்கிள், ஃபேரி ஃபயர், மூன்பீம், ஹீட் மெட்டல், ஸ்பைக் குரோத், கால் லைட்னிங். ரேஞ்சருக்கு ஹன்டர்ஸ் மார்க். மிருகத்தை நிறுத்திவிட்டுப் பழக்க தோஷத்தில் ஹன்டர்ஸ் மார்க் போட்டு, மிருகம் மறைந்ததும் முழிக்கும் ரேஞ்சரை எந்த மேசையிலும் பார்க்கலாம். கேரக்டர் ஷீட்டில் இந்த மந்திரங்களின் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரூயிட்டுக்கு மட்டும் இன்னொன்று. மிருகத்தை வரவழைத்துவிட்டு வைல்ட் ஷேப்பில் கரடியாக மாறலாம், கான்சென்ட்ரேஷன் கலையாது. ஆனால் 2014 விதியில் கரடி பேசாது. கட்டளையோ வாய்ச்சொல்லாக இருக்க வேண்டும். உருமாறும் முன்பே "நான் யாரை அடிக்கிறேனோ அவனை அடி" என்று சொல்லிவிட்டால் போதுமா என்பது டிஎம்மின் தீர்ப்பு. சண்டைக்கு முன்னால் கேட்டு வையுங்கள், நடுவில் வாதாட வேண்டாம்.

மந்திரத்தின் நேரம் ஒரு மணி. ஷார்ட் ரெஸ்டும் ஒரு மணி. ஆகவே மிருகத்தை வைத்துக்கொண்டு ஓய்வெடுப்பதில் பொருளில்லை. ஒரு சண்டை முடிந்ததும் உடனே அடுத்த அறைக்குப் போனால் அதே மந்திரம் இரண்டாம் சண்டைக்கும் உதவும். 3ஆம் லெவல் ட்ரூயிட்டிடம் 2ஆம் படி ஸ்லாட் இரண்டுதான் உண்டு, ஆகவே "கொஞ்சம் வேகமாகப் போகலாமா?" என்று தோழர்களிடம் கேட்கத் தயங்காதீர்கள்.

## ஃபேயும் மண்டையோடும்

விசார்ட் 5ஆம் லெவலில், இன்டெலிஜென்ஸ் 18 என்றால், ஸ்பெல் அட்டாக் +7. டாஷா புத்தகத்துச் சம்மன் ஃபே 3ஆம் படியில்: ஏசி 15, ஹெச்பி 30, ஒரு தாக்குதல், 1டி6+6 குத்தும் அதோடு 1டி6 ஃபோர்ஸும், சராசரி 13. அதன் போனஸ் ஆக்‌ஷனில் 30 அடி தாவி மறைந்து தோன்றும். மூன்று மனநிலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதியவர் கோப மனநிலையை எடுத்தால் போதும். தாவியவுடன் அந்த முறையின் அடுத்த தாக்குதலுக்கு அட்வான்டேஜ், ஒவ்வொரு சுற்றும், யோசிக்கவே வேண்டாம்.

சம்மன் அன்டெட்டில் எலும்புக்கூட்டு வடிவம் 150 அடி தூரம் எறியும், 2டி4+6. ஹெச்பி 20தான், அதனால் பின்வரிசையில் நிறுத்துங்கள். அழுகிய வடிவத்தை எடுப்பதற்கு முன் அதன் குறிப்பை ஒருமுறை முழுதாய்ப் படியுங்கள். அதன் நாற்றம், 5 அடிக்குள் தன் முறையைத் தொடங்கும் எல்லாரையும் கான்ஸ்டிட்யூஷன் சேவ் உருட்ட வைக்கும், தவறினால் விஷம் ஏறும். விலக்கு உங்களுக்கு மட்டும். தோளோடு தோள் நிற்கும் உங்கள் ஃபைட்டருக்கு விலக்கு இல்லை.

மிருகத்தின் மேல் ஏறிப் போகலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். முடியாது. சம்மன் பீஸ்டின் ஆவி சின்ன உருவம், ஏறுபவரைவிட ஒரு அளவாவது பெரிதாக இருந்தால்தான் வாகனம். ஹாஃப்லிங்கும் ஏற முடியாது.

## எட்டு ஓநாயின் விலை

2014இன் கான்ஜர் அனிமல்ஸ் 3ஆம் படி. சேலஞ்ச் ரேட்டிங் (உயிரின் வலுவைச் சொல்லும் எண்) 2 வரை ஒரு மிருகம், 1 வரை இரண்டு, 1/2 வரை நான்கு, 1/4 வரை எட்டு. எண்ணிக்கையை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம், எந்த மிருகம் என்பதை டிஎம் முடிவு செய்வார் என்பதே விதியை எழுதியவர்கள் தந்த விளக்கம். பல மேசைகளில் ஆட்டக்காரரிடமே விட்டுவிடுகிறார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓநாய் 1/4. ஏசி 13, ஹெச்பி 11, தாக்குதல் +4, சேதம் சராசரி 7, பேக் டாக்டிக்ஸ். மேலே பார்த்த ஓக்ரை எட்டும் சூழ்ந்தால் ஒவ்வொன்றும் 91 சதவீதம் அடிக்கும். மொத்தம் 51 போல. 59 ஹெச்பி உள்ள ஓக்ர் ஒரே சுற்றில் தள்ளாடிவிடும். இதனால்தான் இந்த மந்திரத்தைப் பல டிஎம்கள் தடை செய்தார்கள்.

இன்னொரு காரணம் பகடை. அட்வான்டேஜோடு எட்டுத் தாக்குதல் என்றால் 20 முகப் பகடை 16 தடவை. அடித்த ஒவ்வொன்றுக்கும் சேதம் உருட்ட வேண்டும். ஓக்ர் விழவில்லையானால் ஒவ்வொரு கடிக்கும் ஸ்ட்ரெங்த் சேவும் உருட்ட வேண்டும். நிறைய உயிர்களை வரவழைத்தே தீருவேன் என்றால் இரண்டு விஷயம் செய்யுங்கள். ஒரே நிறத்தில் இரண்டிரண்டாக நாலு ஜோடிப் பகடை வாங்கி, நாலு ஓநாய்க்கு ஒரே வீச்சில் உருட்டுங்கள். சேதத்தை உருட்டாமல் புத்தகம் தரும் சராசரி 7ஐயே எடுங்கள்.

பிறகு ஒரு ஃபயர்பால் வந்தால் எல்லாம் முடியும். 8டி6, சராசரி 28. சேவில் தப்பினாலும் 14, ஓநாயின் உயிரோ 11. எதிரியில் மந்திரக்காரர் தெரிந்தால் எட்டையும் 20 அடி ஆரமுள்ள வட்டத்துக்குள் குவிக்காதீர்கள்.

## ஆந்தை

சண்டைக்கு அல்லாமல் துணைக்கு என்றால், விசார்டுக்கு 1ஆம் லெவலிலேயே ஃபைண்ட் ஃபெமிலியர். கான்சென்ட்ரேஷன் இல்லை. மந்திரம் போட ஒரு மணி நேரம், ரிச்சுவலாகப் போட்டால் இன்னும் 10 நிமிடம், ஆனால் ஸ்லாட் மிச்சம். 10 பொற்காசுக்குச் சாம்பிராணி வகையறா ஒவ்வொரு முறையும் எரிந்து தீரும்.

ஃபெமிலியர் தாக்காது. ஆனால் ஹெல்ப் ஆக்‌ஷன் எடுக்கலாம். ஆந்தை 60 அடி பறக்கும், பறந்து விலகும்போது எதிரி கையோங்க முடியாது. எதிரியின் தலைக்கு மேல் வந்து படபடத்து ஹெல்ப் செய்துவிட்டு உயரே போய்விடும். அந்த எதிரியை அடுத்து அடிக்கும் தோழருக்கு அட்வான்டேஜ். இங்கே இனிஷியேட்டிவ் தனி, ஆகவே ஆந்தையின் முறைக்குப் பின்னால் யார் வருகிறார் என்று பாருங்கள். பின்னால் வருபவர் ரோக் என்றால் அவருடைய ஸ்னீக் அட்டாக் கைகூடும். 2014 புத்தகப்படி 100 அடிக்குள் இருந்தால் ஓர் ஆக்‌ஷன் செலவழித்து அதன் கண்ணால் பார்க்கலாம், அந்த நேரத்தில் உங்கள் கண்ணும் காதும் வேலை செய்யாது. அதன் ஹெச்பி 1. ஒரு கல் பட்டால் போயிற்று, மறுபடி 10 பொற்காசும் எழுபது நிமிடமும்.

## வேறு ஆட்டத்திலிருந்து வருபவர்களுக்கு

பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் பழக்கம் என்றால் வேறுபாடு கூர்மையானது. அங்கே வரவழைக்க மூன்று ஆக்‌ஷன், அதாவது உங்கள் முறை முழுதும். பிறகு ஒவ்வொரு முறையும் ஓர் ஆக்‌ஷன் கொடுத்து மந்திரத்தைத் தாங்கினால்தான் வந்த உயிருக்கு இரண்டு ஆக்‌ஷன், அதிகபட்சம் ஒரு நிமிடம். 9ஆம் லெவலில் கிடைக்கும் 5ஆம் படி மந்திரம் வரவழைப்பது 5ஆம் லெவல் உயிரை. அது அடித்து வீழ்த்தும் என்று எதிர்பார்க்காதீர்கள், எதிரிக்கு இருபுறமும் ஆள் நிறுத்த உதவும்.

## கட்டுக்கு மீறும் ஒன்று

கடைசியாக, 2014இன் கான்ஜர் எலிமென்டல். 5ஆம் படி. மேலே சொன்ன மிருகமும் ஃபேயும் கான்சென்ட்ரேஷன் கலைந்தால் மறைந்துவிடும். இது மறையாது. கட்டுப்பாடு போய், உங்களுக்கும் தோழர்களுக்கும் எதிரியாகிவிடும், திருப்பி அனுப்பவும் முடியாது. வரவழைத்ததிலிருந்து ஒரு மணி நேரம் ஆனால்தான் போகும். மண் எலிமென்டலுக்கு ஏசி 17, ஹெச்பி 126.

போட ஒரு நிமிடம் பிடிக்கும், ஆகவே சண்டை தொடங்கிய பிறகு முடியாது. கதவுக்கு வெளியே நின்று போடுங்கள். காற்று, மண், நெருப்பு, நீர் இவற்றில் ஒன்று 10 அடி கனசதுரத்துக்கு அங்கே இருக்க வேண்டும். வந்ததும் அதை எதிரிக் கூட்டத்தின் நடுவுக்கு அனுப்புங்கள், உங்கள் ஆட்கள் யாரும் கூடப் போக வேண்டாம். கான்சென்ட்ரேஷன் கலைந்தால் பக்கத்தில் கிடைப்பவரை அது அடிக்கும், அப்போது பக்கத்தில் இருப்பது எதிரியாக இருக்கட்டும். மண் எலிமென்டலாக இருந்தால் கதவைத் தாழிட்டாயிற்று என்று நிம்மதியாக இருக்காதீர்கள். செதுக்காத கல்லும் மண்ணும் அதற்குத் தண்ணீர் மாதிரி, குகைச் சுவருக்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்துவிடும்.